வயிற்றுச் சுவரைக் கீறிய நாள்

அந்த வைத்தியர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் ஒரு செவ்வரத்தம்பூ. நான் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். சித்திர ஆசிரியை என்றால் மற்றப் பாடங்களின் சுவர்ப்படங்களையும் அவள்தான் கீறிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பாடசாலையின் எழுதாத விதி. விஞ்ஞான வகுப்புக்காக ஒரு செவ்வரத்தம்பூவை நெடுக்காக வெட்டி, உள்ளே இருந்ததைப் பார்த்துப் பார்த்துக் கீறிச் சுவரில் ஒட்டியிருந்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தாய், மகளின் புள்ளிகளைக் கேட்க மறந்து அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். யார் கீறியது என்று விசாரித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்தார். அவர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணர் என்று அப்போதுதான் தெரிந்தது.

தாதிப் பயிற்சி மாணவிகளுக்கு அவர் வகுப்பெடுப்பார். மனித வயிற்றின் சுவர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதை எப்படித் திறக்கிறார்கள், திறந்த வழியை எப்படி விலக்கிப் பிடிக்கிறார்கள் என்பதையெல்லாம் காட்ட ஒரு பெரிய படம் வேண்டும், அதில் பெயர்கள் தமிழில் இருக்க வேண்டும் என்றார். புகைப்படம் எடுத்துப் பார்த்தாராம். எல்லாம் ஒரே சிவப்பு. எது மேலே, எது கீழே, எது எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஒன்றும் விளங்கவில்லையாம்.

"கமராவுக்கு எல்லாம் ஒண்டுதான், ரீச்சர். எதை விடோணும் எண்டு கண்ணுக்குத்தான் தெரியும்" என்றார்.

நான் அந்தப் பூவுக்கும் கோழி இறைச்சிக்கும் அப்பால் எதையும் வெட்டிப் பார்த்ததில்லை என்று சொன்னேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு தடித்த புத்தகத்தோடு வந்துவிட்டார்.

புத்தகத்தைத் திறக்கும் முன் என்னைப் பாயில் மல்லாந்து படுக்கச் சொன்னார். தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு தலையை மட்டும் கொஞ்சம் தூக்கச் சொன்னார். தூக்கினேன். விரல்களுக்கு இரு பக்கமும் ஏதோ விறைத்து எழுந்தது. இரண்டு தடித்த பட்டைகள். அவற்றுக்கு இடையே மெத்தென்ற ஒரு பள்ளம். நான் பெற்ற மகன் இப்போது என்னைவிட உயரமாகிவிட்டான். இத்தனை வருடமும் அந்தப் பள்ளம் அங்கே இருந்திருக்கிறது. நான் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

அந்தப் பட்டைகள் விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை நேராக இறங்கும் இரண்டு நெடுந்தசைகள் என்றார். பிறகு என் மேசையில் கிடந்த எண்ணெய்த்தாளில் மூன்று தாள்களை எடுத்தார். ஒன்றில் மேலிருந்து கீழே உள்நோக்கிச் சரியும் கோடுகளைப் போட்டார். காற்சட்டைப் பைக்குள் கையை விட்டால் விரல்கள் போகும் திசை அது. அடுத்த தாளில் அதற்கு எதிராகச் சரியும் கோடுகள். மூன்றாவதில் படுக்கைக் கோடுகள். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, இறுக்கமான ஒரு வலை தெரிந்தது.

வயிற்றின் இரு பக்கங்களிலும் இப்படி மூன்று தசைத் தகடுகள் இருக்கின்றன என்றார். நடுவை நெருங்கும்போது அவை சிவப்பை இழந்து வெண்மையான, உறுதியான விரிப்பாக மாறி, அந்த நெடுந்தசைகளை உறை போல முன்னும் பின்னும் மூடுகின்றன. பிறகு நடுக்கோட்டில் சந்திக்கின்றன. சந்தித்து அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. வலப்பக்க நார்கள் இடப்பக்கம் போய்விடும், இடப்பக்க நார்கள் வலப்பக்கம் வந்துவிடும். அந்த நடுக்கோட்டுக்கு வெள்ளைக்கோடு என்று பெயர்.

"முதுகில முள்ளந்தண்டு இருக்கு, நெஞ்சில விலா இருக்கு. முன்னுக்கு வயித்தில ஒரு எலும்பும் இல்லை. இந்தப் பின்னல் மட்டுந்தான்" என்றார்.

அவர் போன பிறகு புத்தகத்தைப் பார்த்துக் கீற முயன்றேன். கோடு சரியாகத்தான் வந்தது. ஆனால் படம் செத்துக் கிடந்தது. பூவை நான் புத்தகத்தைப் பார்த்துக் கீறவில்லை என்பது நினைவுக்கு வந்தது. தொலைபேசியில் அழைத்து, பார்க்காமல் கீற எனக்கு ஏலாது என்று சொன்னேன். அப்படியென்றால் பாருங்கள் என்றார். ஆஸ்பத்திரியில் அனுமதி எடுப்பது தன் வேலை, ஆனால் நோயாளியின் சம்மதத்தை என்னை வைத்துக்கொண்டுதான் கேட்பதாகவும் சொன்னார்.

அந்த நோயாளி கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தேநீர்க் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். ஐந்து பிள்ளைகள். தொப்புளுக்கு மேலே தேசிக்காய் அளவில் ஒரு வீக்கம். இடியப்ப உரலை அழுத்தும்போதெல்லாம் அது வெளியே தள்ளும். அவர் பெருவிரலால் உள்ளே அமத்திவிட்டு அடுத்த தட்டுக்குப் பிழிவாராம். கொஞ்ச நாளைக்கு முன் அது உள்ளே போக மறுத்து, அரைநாள் முழுக்க வாந்தியும் வலியுமாகக் கிடந்திருக்கிறார். வெள்ளைக்கோட்டில் ஒரு துவாரம் விழுந்து, அதன் வழியாகக் குடல் எட்டிப் பார்க்கிறது என்று வைத்தியர் எனக்கு விளக்கினார். மறுபடி இறுகினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சலால் இதய வால்வு ஒன்று சுருங்கியிருந்ததால் அவரை முழு மயக்கத்தில் போடப் பயமாக இருந்தது. எனவே அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, அவர் விழித்திருக்கவே சத்திரசிகிச்சை செய்வதென்று முடிவாகியிருந்தது.

கிளினிக்கில் ஒரு மூலையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்பதை வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். வேண்டாம் என்றால் வேண்டாம், வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்றார். அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மொகத்தையும் கீறுவீங்களா டீச்சர்?"

"இல்லை ராத்தா." அக்காவுக்கு அவர்கள் ஊரில் அதுதான் சொல். "வயிறு மட்டுந்தான்."

"பேர் போடுவீங்களா?"

"போடமாட்டன்."

"அப்ப எனக்கும் காட்டணும். என்ட வகுத்தை நான் வெளியால மட்டுந்தான் கண்டிருக்கன். அஞ்சு புள்ளயளும் உள்ளுக்க இருந்து பாத்திருக்கும். எனக்குத்தான் தெரியா."

வைத்தியர் வாய்விட்டுச் சிரித்தார். நான் கட்டாயம் கொண்டுவந்து காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் பென்சில் சீவ முடியாது. தாள் தூசி பறக்கக் கூடாது. பொறுப்புத் தாதி என்னிடமிருந்த எல்லாவற்றையும் வாங்கி ஆராய்ந்து, அழுத்தினால் முனை வரும் பென்சில் ஒன்றையும் பிளாஸ்டிக் பலகையில் பொருத்திய தாள்களையும் ஸ்பிரிட்டால் துடைத்துத் திருப்பித் தந்தார். பச்சைத் துணி போர்த்த எதையும் தொடக் கூடாது என்றார். தலை சுற்றினால் வெட்கப்படாமல் அப்படியே பின்பக்கமாகத் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும், முன்னால் மட்டும் விழக் கூடாது என்றார். முகமூடிக்குள் என் மூச்சே எனக்குச் சூடாக இருந்தது.

மேசையின் தலைப்பக்கத்தில் ஒரு மரப்படியைப் போட்டு என்னை ஏற்றினார்கள். அந்தப் பெண்ணின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு பச்சைத் திரை கட்டியிருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் என் காலடியில் அவருடைய முகம். அந்தப் பக்கம் வெளிச்சத்துக்குள் கைப்பிடி அகலத்தில் அவருடைய வயிறு. மயக்க மருந்து நிபுணர் என்று ஓர் அமைதியான மனிதர், என் பக்கத்தில் இயந்திரத்தைப் பார்த்தபடி இருந்தார். வைத்தியருக்கு எதிரே ஓர் உதவி வைத்தியர் நின்றார்.

"இப்ப ஊசி குத்தும், உம்மா. பிறகு இழுக்கிறது தெரியும், நோகாது. நொந்தா உடன சொல்லுங்கோ" என்றார் வைத்தியர்.

"டொக்டரும் கீறுறீங்க, டீச்சரும் கீறுறாங்க. ரெண்டு பேரும் பாத்துக் கீறுங்க" என்றது திரைக்கு இந்தப் பக்கத்துக் குரல்.

இரத்தம் பாயும் என்று நான் பயந்திருந்தேன். பாயவில்லை. கத்தி போன வழியில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல விரிந்தது. உதவி வைத்தியர் பஞ்சுத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். தோலுக்குக் கீழே கொழுப்பு. என் நிறப்பெட்டியில் இல்லாத ஒரு மஞ்சள், பலாச்சுளையைப் பிளந்த உடனே தெரியும் மஞ்சள். வைத்தியர் அதை விரலால் விலக்கிக்கொண்டு கீழே போனார். ஒவ்வோர் அடுக்குக்கும் முன்னால் மரக்கும் மருந்தைக் கொஞ்சம் செலுத்தி, சற்றுப் பொறுத்து, பிறகுதான் தொட்டார்.

உதவி வைத்தியரின் கைகளில் இரண்டு கருவிகள் இருந்தன. பிடியோடு கூடிய, நுனி வளைந்த உலோக நாக்குகள். ரிட்ராக்டர் என்றார்கள். அதைக் காயத்தின் விளிம்பில் கொளுவி இழுத்துப் பிடித்தால் உள்ளே வழி திறக்கும். பார்த்தால் மிகச் சாதாரண வேலை. ஆனால் வைத்தியர் அதைப் பற்றித்தான் அடிக்கடி பேசினார்.

"தசையோட சண்டை பிடிக்காதேங்கோ. அது விடும். விடுற மட்டும் பொறுத்து இழுங்கோ."

உதவி வைத்தியர் பொறுத்தார். விளிம்புகள் மெதுவாக விலகின. அப்போது அந்த வெள்ளை தெரிந்தது.

வெள்ளை என்று சொல்வது சரியில்லை. ஈரத்தில் மினுங்கும், வெளிச்சம் அசைய அசைய நீலமும் இளஞ்சிவப்பும் ஓடும் ஒரு பரப்பு. முதலில் அது வழுவழுப்பான தகடு என்று நினைத்தேன். கண் பழகியதும் நார்கள் தெரிந்தன. மயிரிழையிலும் மெல்லிய நார்கள், ஆயிரமாயிரம், ஒன்றுகூடத் தடம் மாறாமல் சரிந்து வந்து, நடுக்கோட்டில் எதிரே வரும் நார்களுக்கு இடையே புகுந்து மறுபக்கம் போயின. எண்ணெய்த்தாளில் பார்த்தது இதைத்தான். ஆனால் தாளில் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்று போகவில்லை.

"டீச்சர், நிக்கிறீங்களா?"

"நிக்கிறன் ராத்தா."

"இப்ப என்ன தெரியுது?"

நான் வைத்தியரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

"வெள்ளையா, மினுங்கிற துணி மாதிரி ஒண்டு" என்றேன்.

"துணியா?"

"ஓம். நெசவு மாதிரி இருக்கு. வலப்பக்கத்து நூல் இடப்பக்கம் போகுது. இடப்பக்கத்து நூல் வலப்பக்கம் வருது."

"அத ஆரு நெய்தது?" என்று கேட்டார். எங்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. "ஸுப்ஹானல்லாஹ்."

அந்த நெசவின் நடுவே, தொப்புளுக்குச் சற்று மேலே, என் சுண்டுவிரல் போகக்கூடிய ஒரு துவாரம். அதன் வழியாக, அவித்த முட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் சவ்வைப் போன்ற ஒரு மெல்லிய பை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணை அரைநாள் துடிக்க வைத்தது இவ்வளவுதான். வைத்தியர் அதைச் சுற்றிலும் விடுவித்து, அது இருந்த இடத்துக்கே தள்ளிவிட்டார். பிறகு அந்தத் துவாரத்தின் இரு பக்கமும் வெள்ளை உறையைச் சற்றுத் திறந்தார்.

உள்ளே சிவப்பு. நெடுந்தசை. வைத்தியர் அதை வெட்டவில்லை. உலோக நாக்கை அதன் ஓரத்தில் நுழைத்து, கதவுச் சீலையை ஒதுக்குவதுபோல ஒரு பக்கமாக ஒதுக்கச் சொன்னார். தசை ஒதுங்கிக் கொடுத்தது. பின்னால் இன்னொரு வெள்ளை விரிப்பு. தசைக்கும் விரிப்புக்கும் நடுவே ஓர் இரத்தக்குழாய் தன்பாட்டில் துடித்துக்கொண்டிருந்தது.

"ரீச்சர், பென்சிலை வச்சிட்டுப் பாருங்கோ" என்றார் வைத்தியர். உதவி வைத்தியரிடம் பிடியைத் தளர்த்தச் சொன்னார். "உம்மா, தலையை மட்டும் கொஞ்சம் தூக்குங்கோ. கொஞ்சந்தான்."

என் காலடியில் இருந்த தலை தலையணையை விட்டு எழும்பியும் எழும்பாததுமாக இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம், அதுவரை சாய்ந்து கிடந்த அந்தச் சிவப்பு சட்டென்று உயிர்த்தது. நார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குறுகித் தடித்து எழுந்தன. இரு பக்கத்துத் தசைகளும் நடுவை நோக்கி நெருங்கின. உலோக நாக்குகள் அவற்றோடு போயின. அவற்றைப் பிடித்திருந்த கைகளும் போயின. உதவி வைத்தியர் நல்ல வாட்டசாட்டமான ஆள். அவருடைய இரண்டு முழங்கைகளும் உள்ளே இழுபட்டதை நான் கண்டேன்.

தலை திரும்பத் தலையணையில் பட்டது. தசை தளர்ந்து பழையபடி சாய்ந்தது.

நான் இருபது வருடத்துக்கு மேலாக மனித உருவம் கீறப் படிப்பிக்கிறேன். தோள், கை, முழங்கால், நின்றால் எப்படி, குனிந்தால் எப்படி என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உயிர் என்ற சொல்லையும் தாராளமாகப் பாவித்திருக்கிறேன். படத்தில் உயிர் இல்லை, இன்னும் உயிர் வேணும் என்று எத்தனை பிள்ளைகளின் தாள்களில் எழுதியிருப்பேன். அன்று திறந்து கிடந்த ஒரு வயிற்றுக்குள் அந்தச் சொல் இருந்த இடத்தைப் பார்த்தேன். ஒரு பெண் மனதில் நினைக்கிறாள், தலையைத் தூக்குவோம் என்று. அந்த நினைப்பு அவளுக்கே தெரியாத ஓர் இருட்டுக்குள் போய், அங்கே காத்துக்கொண்டிருந்த ஒன்றை எழுப்புகிறது. என் மூக்குக் கண்ணாடி நனைந்து காட்சி மங்கியபோதுதான் நான் அழுகிறேன் என்று தெரிந்தது. பயத்தினால் அல்ல. துக்கமும் இல்லை.

"கண்டீங்களா?" என்றார் வைத்தியர். எத்தனையோ நூறு வயிறுகளைத் திறந்த அவருடைய குரலும் அடங்கித்தான் ஒலித்தது. முழு மயக்கத்தில் தசைகளையும் தளர்த்திவிடுவார்கள், அதனால் தனக்கும் இது அடிக்கடி காணக் கிடைக்காது என்று பிறகு சொன்னார்.

நான் கீறத் தொடங்கினேன். கை தானாகவே ஓடியது. துவாரம் மறுபடி விழாமலிருக்க, பின் விரிப்புக்கு அப்பால் வலைத்துண்டு ஒன்றை வைப்பதற்காக வைத்தியர் இடம் எடுத்துக்கொண்டிருந்தார். உலோக நாக்கு இன்னும் சற்று ஆழமாகப் போனது. இயந்திரத்தின் சத்தம் மாறியது அப்போதுதான். ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்த ஒலி இடைவெளி விட்டு விட்டுக் கேட்கத் தொடங்கியது.

மயக்க மருந்து நிபுணர் கையை உயர்த்தினார். வைத்தியரின் விரல்கள் இருந்த இடத்திலேயே நின்றன.

"மெல்ல விடுங்கோ. வெடுக்கெண்டு எடுக்க வேண்டாம்" என்றார் உதவி வைத்தியரிடம். குரல் உயரவேயில்லை. வயிற்றின் உள்ளுறையை இழுத்தால் சிலருக்கு இதயம் மெதுவாகிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்த ஒலி வருவதற்கு எடுத்த நேரம் மட்டும்தான்.

"டீச்சர், கை" என்றார் அந்தப் பெண்.

பலகையையும் பென்சிலையும் படியில் வைத்துவிட்டு இறங்கினேன். மருந்து ஏறும் ஊசியோடு அவருடைய கை பக்கத்துப் பலகையில் நீட்டிக் கிடந்தது. விரல்களைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தன. உரலின் பிடி பட்டுப் பட்டு உள்ளங்கை காய்த்திருந்தது. மயக்க மருந்து நிபுணர் ஏதோ ஒரு மருந்தைக் குழாயில் செலுத்தினார். ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒலிகள் ஒன்றையொன்று நெருங்கி, ஓடி வந்து, வரிசையில் சேர்ந்துகொண்டன.

"நிண்டுட்டா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"இல்லை ராத்தா. ஓடுது."

"நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது."

அதன் பிறகு அவர் என் கையை விடவில்லை. நானும் விடுவிக்க முயலவில்லை. வலையை விரித்ததையும், நெடுந்தசைகளை அவற்றின் இடத்துக்கு விட்டதையும், உறையைத் தைத்து மூடியதையும் நான் பார்க்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கத்தில் அவருடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். தையல் ஒவ்வொன்று இறுகும்போதும் புருவத்தின் நடுவில் ஒரு சுருக்கம் வந்து போனது. கடைசியில் வைத்தியர் இருமச் சொன்னார். இருமினார். "ஒண்டும் வெளிய வரேல்லை, உம்மா" என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு என் விரல்களை ஒருதரம் அழுத்தினார்.

படம் முடிய நீண்ட நாள் எடுத்தது. மஞ்சளும் சிவப்பும் வந்துவிட்டன. அந்த வெள்ளைதான் வரவேயில்லை. நீலம் கூடினால் பீங்கான் போல இருந்தது. சிவப்புக் கூடினால் தோல் போல இருந்தது. கடைசியில் தாளை வெறுமையாகவே விட்டு, நார்களின் நிழலை மட்டும் மிக மெல்லிய சாம்பலில் போட்டேன். அப்போது அது மினுங்கியது. வைத்தியர் பாடசாலை விட்டபின் வந்து பார்த்து இரண்டு இடங்களைத் திருத்தச் சொன்னார். ரிட்ராக்டரைப் பிடித்த கைகளைக் கீறத் தேவையில்லை, உலோக நாக்கு போதும் என்றார். நான் காணாத கடைசிப் பகுதியை அவர் சொல்லச் சொல்லக் கீறினேன். இன்றைக்கும் அந்த மூலை மட்டும் என் கண்ணுக்குக் கொஞ்சம் மட்டமாகத்தான் தெரிகிறது.

படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒருநாள் கிண்ணியாவுக்குப் போனேன். வைத்தியர் உரலைத் தொடக் கூடாது என்று தடுத்திருந்தார். அந்தப் பெண் குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, உள்ளே பிழிந்துகொண்டிருந்த மூத்த மகளுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். நான் ஓடிப்போய் இருத்தினேன்.

கட்டிலில் படத்தை விரித்து நான்கு மூலைக்கும் எதையெதையோ பாரம் வைத்தோம். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது நானா?"

"நீங்கள்தான் ராத்தா."

விரலைத் தாளில் படாமல் பிடித்துக்கொண்டு, குறுக்கும் மறுக்குமாகப் போகும் அந்த நார்களின் வழியே கொண்டுபோனார். "இவ்வளவு வடிவாவா இருந்த?" என்றார். பிறகு, "புள்ளயள் எங்க இருந்திச்சு?" என்று கேட்டார்.

வெள்ளை விரிப்புக்குப் பின்னால் என்று காட்டினேன்.

"இதுக்குப் பின்னாலயா? இவ்வளவு மெல்லிசா?"

"ஓம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது விரிஞ்சு குடுத்திருக்கு. பிறகு தன்ர இடத்துக்குத் திரும்பி வந்திருக்கு. கடைசியாத்தான் அந்த ஒரு இடம் விட்டுப்போச்சு."

அவர் மகளைக் கூப்பிட்டார். மாக் கையோடு வந்து நின்ற மகளிடம், நீ இதுக்குப் பின்னாலதான் இருந்த என்று சொன்னார். மகள் படத்தையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கணவர் வாசலோடு நின்று முற்றத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க, மொகம் இல்ல" என்று மனைவி அழைத்த பிறகுதான் உள்ளே வந்தார். அவரும் குனிந்து பார்த்தார். இத்தனை காலமும் இதை வயிறு என்று மட்டும் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டோமே என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார்.

இடியப்பமும் சொதியும் வந்தன. நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மறுபடி படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், இதப் பாத்துத்தான் அந்தப் புள்ளயள் நேர்ஸுக்குப் படிக்கப் போகுதா?"

"ஓம்."

"பேர் வேணா. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா அஞ்சு புள்ள பெத்த வகுறு எண்டு எழுதி விடுங்க. சும்மா ஆர்ர எண்டு தெரியாத வகுறு எண்டு நெனைக்கக் கூடா."

கைப்பையில் பேனை இருந்தது. படத்தின் கீழ் மூலையில், தசைகளின் பெயர்களுக்கு எழுதிய அதே எழுத்தில், 'ஐந்து பிள்ளைகளைச் சுமந்த வயிறு' என்று எழுதினேன். ஒருதரம் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். சரி என்று தலையாட்டினார்.

அந்த வரியை வைத்தியர் அழிக்கச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் வாசித்துவிட்டு அப்படியே படத்தைச் சட்டம் போடக் கொடுத்தார். அது இப்போது மாணவிகளின் வகுப்பறையில் தொங்குகிறது. படத்துக்கு முன்னால் வருகிறவர்கள் முதலில் வாசிப்பது அந்த வரியைத்தான் என்றும், அதற்குப் பிறகு சத்தம் போட்டுக் கதைக்கிறவர்கள் குறைவு என்றும் அவர் சொன்னார். வருடாந்த இடமாற்றத்தில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்தப் பெண் மறுபடியும் இடியப்பம் அவிக்கிறார். உரலை மட்டும் மகள் அழுத்துகிறாள்.

அன்று கிண்ணியாவிலிருந்து திரும்பிய பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்குப் பின்பக்கத்தில் இருக்கை கிடைத்தது. நடுவில் சந்தைக்குப் போய் வந்தவர்கள், பாடசாலைப் பிள்ளைகள், மடியில் குழந்தையோடு ஒரு தாய், மீன் கூடையைக் காலுக்கிடையில் வைத்த ஒருவர் என்று நெருக்கியடித்து நின்றார்கள். பாலத்தை நெருங்கும்போது குறுக்கே ஓர் ஆடு வந்துவிட, சாரதி பிறேக்கை அமத்தினார். ஒருவரும் விழவில்லை. நின்ற அத்தனை பேரின் உடம்பும் ஒரு கணம் இறுகி, முன்னால் போய், திரும்பி நிமிர்ந்தது. பேச்சுக்கூட நிற்கவில்லை. மீன்காரர் விட்ட இடத்திலிருந்து விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை விழிக்கவில்லை. அத்தனை சட்டைகளுக்கும் சேலைகளுக்கும் அபாயாக்களுக்கும் பின்னால் சற்று முன் எது எழுந்து இறுகியது என்பது அந்த பஸ்ஸில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. நடத்துனர் வந்து ரிக்கற் கேட்டு இரண்டாம் தரமும் கூப்பிட வேண்டியிருந்தது.